கணக்குத் தெரிந்த கட்சி எது?



'பொருளாதாரத்தைத் திறமாக நடத்தக்கூடிய கட்சி எது?' என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரியாத ஆள் நம் நாட்டில் கிடையாது. சலூனில் கேட்டாலும் சொல்லுவார்கள், சங்கக்கடை வாசலில் கேட்டாலும் சொல்லுவார்கள். "யூ.என்.பி.காரன் கள்ளனாக இருக்கட்டும், ஆனால் பொருளாதாரம் தெரிஞ்சவன்" என்பார் ஒருவர். "சிறிமா காலத்திலதான் தோட்டக்காரன் மனிசனா இருந்தான்" என்பார் அடுத்தவர். "எல்லாரையும் பார்த்தாச்சு, இந்த முறை புதுசா ஒருத்தனைப் பார்ப்பம்" என்பார் இன்னொருவர். சொல்வது வேறு வேறாக இருந்தாலும் அவர்கள் கணக்குப் பார்க்கிற முறை ஒன்றுதான். கடைசியாக எந்த வரிசையில் நான் நின்றேன், அப்போது ஆட்சியில் இருந்தவர் யார்? அவ்வளவுதான். வரிசை வந்தால் அந்த அரசாங்கம் கூடாது. வரிசை போனால் வந்த அரசாங்கம் திறம்.

இந்த அளவுகோலைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். 70 வருடமாக இதை வைத்துத்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். ஏமாற்றுபவர்களில் கொழும்புக்காரரும் உண்டு, நம்மவரும் உண்டு.

1953 ஆம் ஆண்டை எடுங்கள். டட்லி சேனநாயக்கா பிரதமர், ஜே.ஆர். ஜெயவர்த்தனா நிதியமைச்சர். கூப்பன் அரிசி கொத்து 25 சதத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரே அடியில் 70 சதம் ஆக்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால். அமைச்சரவை கரையில் கூடுவதற்குப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறியிருந்து கூட்டம் போட்டது. ஒக்டோபரில் டட்லி பதவியை விட்டுப் போனார். அன்றைக்கு ஒரு ஏழைச் சனத்தைப் பிடித்துக் கேட்டிருந்தால், 'இந்த ஜே.ஆர். கையில் இனி ஒரு சதமும் கொடுக்கக் கூடாது' என்றுதான் சொல்லியிருக்கும்.

24 வருடம் போனது. 1977 இல் அதே ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140. பொருளாதாரம் என்றால் ஜே.ஆர்., ஜே.ஆர். என்றால் பொருளாதாரம் என்று பேச்சு. இடையில் அவர் பல்கலைக்கழகம் போய்ப் பொருளியல் படித்துவிட்டு வரவில்லை. இடையில் வேறொருவர் ஆட்சியில் பாண் வரிசை வந்தது, அதுதான் நடந்தது. கிழமைக்கு 8 இறாத்தல் தானியம் தருவேன் என்று சொல்லி வாக்கு வாங்கியவர், வந்து கொஞ்சக் காலத்தில் பங்கீட்டு அரிசியையே எடுத்துவிட்டு உணவு முத்திரையைக் கையில் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் நிதியமைச்சராக 11 வருடம் இருந்த ரொனி டி மெல் எங்கிருந்து வந்தவர் தெரியுமா? சுதந்திரக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்து கட்சி மாறி வந்தவர். சுதந்திரக் கட்சி ஜனாதிபதி சந்திரிகாவின் நிதித்துறையில் இருந்த ஜி.எல். பீரிஸ் பிறகு ஐக்கிய தேசியக் கட்சியின் ரணிலிடம் வந்தார், பிறகு ராஜபக்சக்களிடம் போனார். கட்சிக்கென்று ஒரு பொருளாதார மூளை இருக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்கள். அந்த மூளை காலத்துக்குக் காலம் வீடு மாறுகிறது. (சிரிப்பு)

இனி நம்முடைய பொற்காலத்துக்கு வருகிறேன். முன்வரிசையில் நரைத்த தலைகள் நிறையத் தெரிகின்றன. ஐயாமாரே, உங்களுக்குத்தான் இந்தப் பகுதி.

1970 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா கூட்டணி ஆட்சி. லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற என்.எம். பெரேரா நிதியமைச்சர். டொலர் இல்லை, பவுண் இல்லை. வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வருவதை அடைத்தார்கள். அடைத்ததும் நம் குடாநாட்டுச் செம்மண் பொன்னாக விளைந்தது. நம் வீடுகளில் அறை முழுக்கச் செத்தல் மிளகாய்ச் சாக்கு. விலை இன்னும் ஏறட்டும் என்று கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவன் வோட்டர் பம்ப் வாங்கினான். மண் சுவர் கல்வீடானது. படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பெடியள் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டி மிளகாய் நட்டு, அரசாங்க உத்தியோகத்தனை விடக் கூடக் காசு பார்த்தார்கள். இந்தக் கதையை நான் பொய் என்று சொல்லமாட்டேன். இந்த ஊரில் அந்த மிளகாய்க் காசில் எழுந்த வீடுகளை இன்றைக்கும் விரலை நீட்டிக் காட்டலாம்.

ஆனால் அதே வருடங்களில், அதே அரசாங்கத்தின் கீழ், கொழும்பிலும் காலியிலும் விடியற்காலையில் எழுந்து ஒரு இறாத்தல் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். சாப்பாட்டுக் கடையில் கிழமைக்கு 2 நாள் சோறு விற்கக் கூடாது என்று சட்டம். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோனால் வழியில் மறித்துப் பறித்தார்கள். மலையகத்தில் என்ன நடந்தது? 73, 74 ஆம் ஆண்டுகளில் லயங்களில் பட்டினிச் சாவு. கூலியும் இல்லை, மாவும் இல்லை. கிழங்கையும் இலையையும் அவித்துத் தின்றார்கள். கண்டி வீதியிலும் ஹற்றன் நகரத்திலும் தோட்டத்துச் சனங்கள் கையேந்தி நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அதில் ஒரு பகுதிச் சனம் வடக்கே நடந்து வந்தது. 77 கலவரத்துக்குப் பிறகு இன்னும் கூட வந்தது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள் யாருடைய தோட்டத்தில் கூலிக்கு நின்றார்கள்? நம்முடைய தோட்டத்தில்தான். நம் பொற்கால மிளகாயைப் பிடுங்கிய கைகளில் பல, பட்டினிக்குத் தப்பி ஓடி வந்த தமிழ்க் கைகள். அந்தக் கைகளுக்கு நாம் என்ன கூலி கொடுத்தோம், எந்தக் கொட்டிலில் படுக்க வைத்தோம் என்று இந்தக் கூட்டத்தில் நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே 'சிறிமா பொருளாதாரத்தைத் திறமாக நடத்தினாரா?' என்று கேட்டால், சுன்னாகம் சந்தையில் ஒரு விடை, மருதானையில் ஒரு விடை, மஸ்கெலியாவில் ஒரு விடை. மூன்றும் உண்மை. ஏனென்றால் அரசாங்கம் ஒரு நாட்டுக் கஷ்டத்தை எடுத்து அதைச் சனங்களுக்கிடையே பங்குவைக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறது. பொருளாதாரம் நடத்துவது என்பதில் முக்கால்வாசி அந்தப் பங்கீடுதான். நமக்குக் கிடைத்த பங்கு நல்லதென்றால் அரசாங்கம் திறம் என்கிறோம். பக்கத்து வீட்டுக்கு என்ன போனது என்று பார்ப்பதேயில்லை. தோட்டக்காரனுக்குக் கை நிறையக் காசு வந்த அதே ஆட்சியில்தான் அவன் பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

77 இல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள். இந்திய மிளகாய் வந்தது, வெங்காயம் வந்தது. நம் தோட்டக்காரன் படுத்துவிட்டான். தெற்கில் ரேடியோ, டி.வி., வான் என்று ஒரே கொண்டாட்டம். அவர்களுக்கு ஐக்கிய தேசியக் கட்சிதான் கெட்டிக்காரக் கட்சி. நமக்கு அடுத்து வந்தது 83 கலவரம், அதற்கடுத்துப் போர்.

1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பிரேமதாச ஜனாதிபதி, ஐக்கிய தேசியக் கட்சி. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை, சீமெந்து இல்லை, பசளை இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, நாலு சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். மோட்டார் சைக்கிளை ஒரு மூடி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும் இருக்கிறீர்கள். 94 இல் சந்திரிகா வந்தார். சமாதான தேவதை என்றார்கள். தடையைச் சற்றுத் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். கட்சி மாறியது, விளக்கு மாறவில்லை. 2002 இல் ரணில் பிரதமராக இருந்தபோது தடை நீங்கியது, ஏ9 பாதை திறந்தது. அந்த நன்றியில்தான் யாழ்ப்பாணத்தில் பலர் இன்றைக்கும் 'பொருளாதாரம் என்றால் ரணில்' என்கிறார்கள். கழுத்தில் வைத்த கையை எடுத்தால் அதற்குப் பெயர் பொருளாதார நிர்வாகமா?

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்காகப் புதுக்கதைக்கு வருகிறேன். இதை மட்டும் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். பொதுசன அபிப்பிராயம் ஒரு நாட்டை எப்படிப் பள்ளத்தில் தள்ளும் என்பதை நம் கண்முன்னாலேயே பார்த்தோம்.

2018 இல் மங்கள சமரவீர நிதியமைச்சர். எரிபொருளுக்கு விலைச் சூத்திரம் கொண்டுவந்தார். உலகச் சந்தையில் விலை ஏறினால் இங்கேயும் ஏறும், அங்கே இறங்கினால் இங்கேயும் இறங்கும். அதை ஒரு சமன்பாடாக எழுதிக் காட்டினார்கள். நாடே சிரித்தது. தொலைக்காட்சியில் சிரித்தார்கள், பாராளுமன்றத்தில் சிரித்தார்கள், பேஸ்புக்கில் படம் போட்டுச் சிரித்தார்கள். அந்தச் சூத்திரத்தைப் பரிகசித்தவர்கள் அடுத்த வருடம் ஆட்சிக்கு வந்து அதைத் தூக்கி எறிந்தார்கள். ஒக்டேன் 92 பெற்றோல் 137 ரூபாவிலேயே நின்றது. சனத்துக்குச் சந்தோசம். இடையில் ஏறிய விலையை யார் கொடுத்தது? பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரச வங்கியில் கடன்பட்டுக் கொடுத்தது. 2022 ஜூனில் அதே பெற்றோல் 470 ரூபா. அந்த வருடமே விலைச் சூத்திரத்தைத் திரும்ப எடுத்து வந்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

2019 நவம்பர். கோத்தாபய ராஜபக்ச 69 இலட்சம் வாக்கு வாங்கி வென்றார். வடக்குக் கிழக்கில் நாம் அவருக்குப் போடவில்லை, உண்மைதான். ஆனால் பெற்றோல் வரிசை வந்தபோது நீ யாருக்குப் புள்ளடி போட்டாய் என்று கேட்டு யாரையும் விலக்கவில்லை. படித்த நிபுணர்கள் கூட்டம் ஒன்று பின்னால் நிற்கிறது, இவர் அரசியல்வாதி அல்ல, வேலை தெரிந்தவர் என்று தெற்கு நம்பியது. வந்த கையோடு வரியை வெட்டினார். டிசம்பர் 1 ஆம் திகதியிலிருந்து வற் 15 வீதத்திலிருந்து 8 வீதம். நாட்டைக் கட்டியெழுப்பும் வரி ஒழிந்தது. சம்பளத்தில் கழிக்கும் வரி ஒழிந்தது. வருடம் 30 இலட்சம் ரூபா வரை வருமான வரியே இல்லை. 30 இலட்சம் என்றால் மாதம் 250,000 ரூபா. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண் அந்த நேரம் ஒரு நாளுக்கு 1,000 ரூபா கேட்டு வருடக்கணக்காகத் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். அந்த 1,000 அவளுக்கு 2021 இல்தான் கிடைத்தது. வரிச் சலுகையோ சில வாரங்களில் கிடைத்தது, கேட்காதவனுக்கும் கிடைத்தது.

யார் எதிர்த்தார்கள்? இதைச் செய்தால் நாடு வங்குரோத்தாகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தவர் அதே மங்கள. அவர் பேச்சுக்கு யாரும் காது கொடுக்கவில்லை. 2021 ஓகஸ்டில் கொரோனாவில் இறந்துபோனார், தான் சொன்னது பலித்ததைப் பார்க்கவில்லை. வரி வெட்டுக்கு வியாபாரிகள் சங்கங்கள் கைதட்டின. பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. யாழ்ப்பாணத்துக் கடைக்காரரும் சந்தோசப்பட்டார். சாமான் விலை குறைந்ததா? அடுத்த வருடம் சீனிக்கான வரியை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கினார்கள். உங்கள் வீட்டுத் தேநீரில் 49 ரூபா 75 சதம் மலிவாய் இனித்ததா? அந்தக் காசு இறக்குமதியாளன் வீட்டுக்குப் போனது.

2019 இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 வீதத்துக்கும் மேலாக இருந்த வரி வருமானம் 2020 இலும் 2021 இலும் 8 வீதம் அளவுக்கு வந்தது. கொரோனா ஒரு காரணம்தான். ஆனால் கொரோனா உலகம் முழுவதற்கும் வந்தது, உலகம் முழுவதும் வங்குரோத்தாகவில்லை. வெளியில் கடன் தர ஆளில்லை, மத்திய வங்கி காசை அச்சடித்தது. 2021 இல் ஒரே இரவில் செயற்கைப் பசளையைத் தடை செய்தார்கள். டொலரை 203 ரூபாவில் கட்டிப்போட்டு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்துக்கு டொலர் இல்லாத நேரம், 2022 ஜனவரியில் வெளிநாட்டுக் கடன்பத்திரக்காரனுக்கு 500 மில்லியன் டொலரைச் சுளையாக எண்ணிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 ஆம் திகதி, இனிக் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதம். சாப்பாட்டுச் சாமானின் விலைவாசி மட்டும் 95 வீதம் ஏறியிருந்தது. 2019 இல் நூற்றுக்கு 11 பேர் வறியவர், 2022 இல் 25 பேர். இது உலக வங்கி போட்ட கணக்கு.

2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோத்தாபய, மகிந்த, பசில், மத்திய வங்கி முன்னாள் ஆளுநர்கள், திறைசேரி அதிகாரிகள், இவர்கள் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறிப் பொருளாதாரத்தைச் சீரழித்தார்கள் என்று பெயர் சொல்லித் தீர்ப்பு. உலகத்தில் எத்தனை நாட்டில் இப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது? தண்டனை? யாருக்கும் சிறையில்லை, சனத்துக்கு நட்டஈடும் இல்லை. வழக்குப் போட்டவர்களுக்கு வழக்குச் செலவு மட்டும் கொடுக்கச் சொன்னார்கள்.

பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார், "அப்ப ரணில் வந்து வரிசையை இல்லாமலாக்கினார்தானே?" நல்ல கேள்வி. ஆக்கினார். மறுக்கமாட்டேன். எப்படி ஆக்கினார் என்று பார்ப்போம், தம்பி.

முதலில், அவர் எப்படி வந்தார்? 2020 தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஒரே ஒரு ஆசனம், அதுவும் தேசியப் பட்டியலில். அந்த ஒற்றை ஆசனக்காரரை 2022 ஜூலை 20 ஆம் திகதி 134 வாக்குப் போட்டு ஜனாதிபதி ஆக்கியவர்கள் பெரும்பாலும் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனக்காரர். கெடுத்தவர்களின் கையால் திருத்த வந்தவர் அவர். கெடுத்தவர்களிடம் அவர் எப்படிக் கணக்குக் கேட்பார்?

கடன் கட்டுவதை நிறுத்தியதால் கையில் கொஞ்சம் டொலர் மிஞ்சியது. இந்தியா அந்த வருடம் 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கைகொடுத்தது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தது, அது நல்ல ஏற்பாடுதான். மிச்சத்தை விலை செய்தது. மின்சாரக் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம் ஏறியது, ஆறு மாதத்தில் இன்னும் 66 வீதம். காசில்லாதவன் வரிசைக்கே வரமாட்டான். வரிசை குறைந்ததில் பாதி இதுதான்.

மண்ணெண்ணெயைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் தூக்கினார்கள். மண்ணெண்ணெய் யாருக்கு வேண்டும்? கொழும்பு 7 இல் இருப்பவருக்கா? குருநகரிலும் மயிலிட்டியிலும் பேசாலையிலும் வெளியிணைப்பு இயந்திரத்தில் கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டும். மலையகத்தில் லயத்து அடுப்புக்கு வேண்டும். அடுத்து 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தார்கள். அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருந்த வங்கிகளின் முறிகளில் கை வைக்கவில்லை. தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்தார்கள். சம்மதிக்காவிட்டால் 14 வீத வரியை 30 வீதமாக்குவோம் என்று சட்டம் போட்டு மிரட்டிச் சம்மதம் வாங்கினார்கள். 2024 ஜனவரி 1 இல் வற் 18 வீதம். காஸ் சிலிண்டருக்கும் பசளைக்கும்கூட வற்.

வரியை வெட்டியபோது இலாபம் மேலே போனது. ஓட்டையை அடைத்தபோது காசு கீழேயிருந்து வந்தது. வெட்டியது ஒரு கட்சி, அடைத்தது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கொடுத்தது மேலே, எடுத்தது கீழேயிருந்து. இதைத்தான் தம்பி, வரிசை மறைக்கிறது. நீங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் பில்லை உங்கள் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் 'இயலும் ஸ்ரீலங்கா' என்று ரணில் மேடை போட்டார். வரிசையை ஒழித்தவர் என்ற ஒன்றை வைத்து வெல்லலாம் என்று நினைத்தார். 17 வீதத்தோடு மூன்றாம் இடம். 2019 இல் 3 வீதம் எடுத்த அநுரகுமார திசாநாயக்கவுக்கு 42 வீதம். அடுத்து வந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய 3 ஆசனக் கட்சி 159 ஆசனக் கட்சியானது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே 6 இல் 3 ஆசனம் கொடுத்தோம். இந்த மாற்றத்தில் ஒரு நியாயம் இருந்தது. பில் தங்கள் பைக்குள் வந்ததை ஏழைச் சனம் கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் வந்தவர்கள் எந்தக் கணக்கை மாற்றினார்கள்? எதிர்க்கட்சியில் இருந்தபோது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள், அதே நிபந்தனைகளை இன்று ஒழுங்காக நிறைவேற்றுகிறார்கள் என்று நிதியமே பாராட்டுகிறது. நிதியத்திடம் நாம் போவது இது 17 ஆவது தடவை. முதல் தடவை 1965. எல்லாக் கட்சியும் போயிருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு வரி எல்லையை 150,000 ரூபாவாக உயர்த்தினார்கள், நல்லது, அவர்களும் நொந்து போயிருந்தார்கள். வற் 18 வீதத்திலேயே நிற்கிறது. 2025 இல் சொத்து வரி வரும் என்று முந்தைய அரசாங்கம் நிதியத்துடன் எழுதியிருந்தது. சொத்துள்ளவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், அந்த வருடம் அது வரவில்லை. ஊழல் குறைந்திருக்கிறது என்கிறார்கள், குறைந்தால் மகிழ்ச்சி. கள்ளன் இல்லாத வீட்டிலும் யார் சாப்பிடுவது, யார் பட்டினி கிடப்பது என்ற கேள்வி இருக்கிறது. நேர்மையை மட்டும் வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது.

நம்மையும் விட்டுவிட முடியாது. இந்த நாட்டில் திரட்டும் வரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மறைமுக வரி. சவர்க்காரத்திலும் ரீலோட்டிலும் ஏழையும் பணக்காரனும் ஒரே வீதம் கட்டுகிறார்கள். ஏன்? நேர்வரி கட்ட வேண்டியவர்கள் கட்டுவதில்லை. அவர்கள் எல்லாரும் கொழும்பில் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். பில் தராத கல்யாண மண்டபம் இந்த ஊரில் இருக்கிறது. ஒரு வகுப்புக்கு 300 பிள்ளைகளை இருத்திக் காசை உறையில் வாங்குகிற ரியூட்டரி இருக்கிறது. பின்னேரம் தனியாக நோயாளி பார்த்துத் துண்டுகூடத் தராத வைத்தியர் இருக்கிறார். இவர்களைக் கோயில் திருவிழா உபயகாரராக முன்னால் நிறுத்திப் பொன்னாடை போர்த்துகிறோம். கடலுக்குப் போய் வந்தவன் ஒரு சவர்க்காரக் கட்டிக்கு 18 வீதம் கட்டிவிட்டுப் பின்வரிசையில் நிற்கிறான். நம் தமிழ்க் கட்சிகளின் விஞ்ஞாபனங்களை எடுத்துப் பாருங்கள். அதிகாரப் பகிர்வு இருக்கும், காணி இருக்கும், இருக்கத்தான் வேண்டும். வரியை யாரிடம் எடுப்பது என்று ஒரு பந்தி இருக்கிறதா? நாளைக்கு மாகாண சபைக்கு வரி அதிகாரம் வந்தால் அந்த மண்டபக்காரரிடம் வாங்குவீர்களா என்று கேட்டால் வேட்பாளர் தண்ணீர் குடிப்பார். மண்டபக்காரர்தான் அவருடைய கூட்டத்துக்குக் கதிரை கொடுத்தவர். (கரவொலி)

அடுத்த தேர்தல் வரும். கட்சிகள் வரும். 'எங்களுக்குப் பொருளாதாரம் தெரியும்' என்று எல்லாரும் சொல்வார்கள், வற்றைக் குறைப்போம், மண்ணெண்ணெயைக் குறைப்போம், சம்பளத்தைக் கூட்டுவோம் என்பார்கள். கைதட்ட வேண்டாம். எழும்பி நின்று ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, குறைத்தால் விழும் ஓட்டையை யாருடைய காசால் அடைப்பீர்கள்? ஆளைச் சொல்லுங்கள்." ஊழலை ஒழித்து அடைப்போம் என்றால் உட்கார வேண்டாம், எவ்வளவு வரும், எந்த வருடம் வரும் என்று திரும்பக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து முதலீடு வரும் என்றால், வரும்வரை யார் கட்டுவது என்று கேளுங்கள். கேட்பவரை இடக்குக் கதைப்பவர் என்று ஒதுக்க விடாமல் பக்கத்திலிருப்பவர்களும் எழும்பி நில்லுங்கள். ஆளின் பெயரும் கணக்கின் தொகையும் சொல்லாத வேட்பாளருக்கு, அவர் எந்தக் கட்சியானாலும், எந்த இனமானாலும், உங்கள் வாக்கைப் போடாதீர்கள்.